22 வீச்சு, 533 வீச்சு: வசந்தகால ஆட்டம் ஒன்றின் கணக்கு

2018 ஏப்ரல் 14 அன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடியது. பந்து வீசும் இடத்துக்கு, அதாவது குவாட்டர்பேக் பொறுப்புக்கு, மூவர் போட்டியிட்டனர். ஜோ பரோ 22 முறை வீசினார். அவற்றில் 15 வீச்சு சக வீரர் கையில் சேர்ந்தது. கிடைத்த தூரம் 238 யார்டு. டுவேன் ஹாஸ்கின்ஸ் 19 முறை வீசினார், 9 சேர்ந்தது, 120 யார்டு. டேட் மார்டெல் 28 முறை வீசினார், 16 சேர்ந்தது, 157 யார்டு. சதவீதமாக்கினால் 68.2, 47.4, 57.1. ஒரு வீச்சுக்குக் கிடைத்த தூரம் முறையே 10.8, 6.3, 5.6 யார்டு. இரண்டு அளவுகோலிலும் அன்று முதலிடம் பரோவுக்குத்தான். 24 நாள் கழித்து, மே 8 அன்று, அணியை விட்டு விலகுவதாக அறிவித்தவரும் அவர்தான்.

இந்த ஆட்டம் எதற்காக என்பதற்கு 15 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கத்தின் விதிப்படி, பருவம் இல்லாத வசந்தகாலத்தில் ஓர் அணி 34 நாள்களுக்குள் 15 பயிற்சிகள் நடத்தலாம். அவற்றில் உடல் மோதல் உள்ளவை 12க்கு மேல் போகக்கூடாது. ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும் பயிற்சி 8க்கு மேல் கூடாது. பதினொருவருக்குப் பதினொருவர் என்று முழு ஆட்டமாகவே நடத்துவது 3க்கு மேல் கூடாது. அந்த மூன்றில் ஒன்றைத்தான் மைதானத்தின் கதவைத் திறந்து ரசிகருக்குக் காட்டுகிறார்கள். ஆக, ரசிகர் பார்ப்பது 15இல் 1, அதாவது 6.7 சதவீதம். பயிற்சியாளர் பார்ப்பது 15இல் 15. இருவரும் வேறு வேறு வீரரைத் தேர்ந்தெடுத்தால் அதில் வியப்பு இல்லை.

அடுத்த எண் வீச்சுகளின் எண்ணிக்கை. பரோவுக்கு 22 வீச்சு என்றால் ஒவ்வொரு வீச்சும் அவருடைய கணக்கில் 4.5 சதவீதப் புள்ளி. ஹாஸ்கின்ஸுக்கு ஒரு வீச்சு 5.3 சதவீதப் புள்ளி. இருவருக்கும் இடையே அன்று தெரிந்த இடைவெளி 20.8 சதவீதப் புள்ளி, பெரிதாகத்தான் தோன்றுகிறது. பரோவின் வீச்சுகளில் இரண்டு கை நழுவியிருந்தால் 22க்கு 13, அதாவது 59.1 சதவீதம். ஹாஸ்கின்ஸின் நழுவிய வீச்சுகளில் இரண்டு பிடிபட்டிருந்தால் 19க்கு 11, அதாவது 57.9 சதவீதம். நான்கு பந்துகள் இடம் மாறினால் 20.8 என்பது 1.2 ஆகிவிடுகிறது.

இதையே புள்ளியியல் முறைப்படி சொன்னால், 95 சதவீத நம்பகத்துடன் பரோவின் உண்மையான திறன் 49 முதல் 88 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். ஹாஸ்கின்ஸுக்கு அந்த எல்லை 25 முதல் 70 சதவீதம். இருவரும் சம திறன் உள்ளவர்களாகவே இருந்தாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாகத் தோன்ற ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு இன்னிங்ஸை வைத்து மட்டையாளரின் சராசரியை முடிவு செய்வது போன்றது இது.

ஹாஸ்கின்ஸ் பக்கம் இன்னொரு சிறிய எண் இருந்தது: 7. 2017 நவம்பரில் மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முதன்மை குவாட்டர்பேக் ஜே.டி. பாரெட் காயமடைந்து வெளியேற, ஹாஸ்கின்ஸ் இறங்கி 7 வீச்சில் 6ஐச் சேர்த்து 94 யார்டு எடுத்தார். அணி 31-20 என்று வென்றது. 7 என்பது 22ஐ விடச் சிறிய மாதிரிதான். ஆனால் அது எதிரணியின் மைதானத்தில், பருவத்தின் மிகக் கடுமையான போட்டியில் வந்த 7. அந்தப் பருவத் தொடக்கத்தில் பரோவின் வலக்கை எலும்பு முறிந்திராவிட்டால் அந்த 7 வீச்சும் அவருக்கே வந்திருக்கக்கூடும்.

பருவம் வந்தது. 2018இல் ஹாஸ்கின்ஸ் 14 ஆட்டங்களில் 533 முறை வீசினார். 373 சேர்ந்தது, 70.0 சதவீதம், 4,831 யார்டு, 50 டச் டவுன் (பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது), எதிரணி இடைமறித்தவை 8 மட்டும். வசந்தகாலத்தின் 19 வீச்சு இதில் 3.6 சதவீதம். 47.4 சதவீதம் சேர்த்தவர் என்று ஏப்ரலில் எழுதப்பட்டவர், பருவ முடிவில் தம்முடைய நம்பக எல்லையின் உச்சியில் போய் நின்றார்.

அதே 2018 பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த பரோ 379 வீச்சில் 219ஐச் சேர்த்தார்: 57.8 சதவீதம், 2,894 யார்டு, 16 டச் டவுன். வீச்சுக்கு 7.6 யார்டு, ஹாஸ்கின்ஸுக்கு 9.1. ஏப்ரலில் 20.8 புள்ளி முன்னே இருந்தவர் பருவ முடிவில் 12.2 புள்ளி பின்னே இருந்தார். அந்த ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் ஒஹாயோவின் தேர்வு சரி என்ற ஒரே முடிவுதான் மிஞ்சியிருக்கும். அடுத்த ஆண்டு பரோ 527 வீச்சில் 402ஐச் சேர்த்தார்: 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச் டவுன். அணி 15 ஆட்டத்தில் 15 வென்றது. கல்லூரிக் கால்பந்தின் தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. வீச்சுக்கு 10.8 யார்டு. 2018 ஏப்ரல் 14 அன்றும் 10.8 யார்டுதான். இந்தப் பொருத்தத்தை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். அன்றைய 22 வீச்சு 2019ஐ முன்னறிவித்தது என்றால், நடுவில் வந்த 379 வீச்சு எதை அறிவித்தது என்றும் சொல்லவேண்டியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று அலபாமாவில் நடந்த ஆட்டத்தின் எண் 35. அங்கே முதன்மை இடத்துக்கு இருவர் மோதிக்கொண்டிருந்தனர். ஜேலன் ஹர்ட்ஸ் முதன்மை வீரராக இறங்கி 26 வெற்றி, 2 தோல்வி கண்டவர். டுவா டகோவைலோவா அந்த ஜனவரி 8 அன்று தேசிய இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஹர்ட்ஸுக்குப் பதிலாக வந்து 26-23 என்று வென்று கொடுத்தவர். கையில் காயம் என்பதால் டகோவைலோவா அன்று ஆடவில்லை. அவருடைய வீச்சு 0. ஹர்ட்ஸ் 37 முறை வீசி 19ஐச் சேர்த்தார்: 51.4 சதவீதம், 195 யார்டு. மூன்றாம் நிலையில் இருந்த மேக் ஜோன்ஸ் 35 முறை வீசி 23ஐச் சேர்த்தார்: 65.7 சதவீதம், 289 யார்டு, 2 டச் டவுன். அன்றைய சிறந்த வீரருக்கான டிக்ஸி ஹவல் விருது ஜோன்ஸுக்குப் போனது. இந்த ஆட்டத்தில் வென்ற பாதிக்கு மாட்டிறைச்சி ஸ்டேக், தோற்ற பாதிக்கு அவரை வகையும் சாசேஜும் என்பது அங்கே பழைய வழக்கம். ஆட்டத்தின் முடிவால் யாருக்காவது உறுதியாக ஏதாவது கிடைத்தது என்றால், அது அந்தத் தட்டுதான்.

அந்தப் பருவத்தில் விருது பெற்ற ஜோன்ஸுக்குக் கிடைத்த வீச்சு 13; சேர்ந்தது 5; 123 யார்டு. டகோவைலோவாவுக்கு 355 வீச்சு, 3,966 யார்டு, 43 டச் டவுன். ஹர்ட்ஸுக்கு 70 வீச்சு. 51 சேர்ந்தது, 72.9 சதவீதம். ஏப்ரலில் 51.4 எடுத்த ஹர்ட்ஸ், டிசம்பர் 1 அன்று ஜார்ஜியாவுடன் நடந்த தங்கள் வட்டார லீக்கின் இறுதி ஆட்டத்தில் 21-28 என்று பின்தங்கிய நிலையில் இறங்கினார். 9 வீச்சில் 7ஐச் சேர்த்து 82 யார்டு எடுத்தார்; தானே ஓடியும் ஒரு டச் டவுன் போட்டார்; 35-28 என்று ஆட்டம் முடிந்தது. 37 வீச்சில் தெரியாதது 9 வீச்சில் தெரிந்தது என்று எழுத ஆசைதான். 9 வீச்சும் சிறிய மாதிரிதான் என்பதால் அப்படி எழுத முடியாது.

கிளெம்சனில் கணக்கு வேறு பக்கம் சாய்ந்தது. ஏப்ரல் 14 அன்று, பள்ளி முடித்து ஜனவரியில்தான் சேர்ந்திருந்த டிரெவர் லாரன்ஸ் 16 வீச்சில் 11ஐச் சேர்த்தார்: 68.8 சதவீதம், 122 யார்டு, 1 டச் டவுன். முதன்மை வீரர் கெல்லி பிரையன்ட் 15 வீச்சில் 8. 35 யார்டு மட்டும். வீச்சுக்கு 7.6 யார்டு ஒருபுறம், 2.3 யார்டு மறுபுறம். பருவத்தின் முதல் 4 ஆட்டங்களைத் தொடங்கியவர் பிரையன்ட், ஐந்தாவதிலிருந்து லாரன்ஸ். 4 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. 4 ஆட்டத்துக்கு மேல் ஆடாத வீரர் அந்த ஆண்டைத் தன் தகுதிக் காலத்தில் கழிக்கவேண்டாம் என்ற விதி அந்த 2018 ஜூனில்தான் வந்திருந்தது. இடம் பறிபோன அதே வாரத்தில் பிரையன்ட் அணியை விட்டுப் போனார். லாரன்ஸ் அந்தப் பருவத்தை 397 வீச்சில் 259 என்று, 65.2 சதவீதத்தில், 3,280 யார்டும் 30 டச் டவுனுமாக முடித்தார். கிளெம்சன் 15க்கு 15 வென்றது. வசந்தகால எண்ணும் பருவ எண்ணும் இங்கே 3.6 புள்ளி இடைவெளியில் நிற்கின்றன. ஆட்டம் உண்மையைச் சொன்ன இடம் ஒன்று வேண்டும் என்றால் இதுதான்.

ஜார்ஜியாவில் ஏப்ரல் 21 அன்று, புதிதாகச் சேர்ந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 33 வீச்சில் 18ஐச் சேர்த்து 207 யார்டு எடுத்தார்: 54.5 சதவீதம். முதன்மை இடம் ஜேக் ஃப்ரோமிடமே இருந்தது. பருவம் முழுவதிலும் ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்தது 39 வீச்சு; 27 சேர்ந்தது. இந்த 39ஐக் குறித்து வைக்கலாம். ஒஹாயோவில் பரோவின் இரண்டு பருவ ஆட்டக் கணக்கும் 39 வீச்சுதான். 29 சேர்ந்தது, 287 யார்டு. 39 வீச்சோடு ஒருவர் ஒஹாயோவை விட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து 39 வீச்சோடு இன்னொருவர் ஒஹாயோவுக்கு வந்தார். ஃபீல்ட்ஸ் 2019இல் அங்கே 354 வீச்சில் 238ஐச் சேர்த்து 41 டச் டவுன் எடுத்தார், இடைமறிக்கப்பட்டவை 3.

இப்போது எட்டு பேரின் எண்களையும் ஒரே பத்தியில் வைக்கலாம். 2018 ஏப்ரலின் நான்கு ஆட்டங்களில் சதவீத வரிசை: லாரன்ஸ் 68.8, பரோ 68.2, ஜோன்ஸ் 65.7, மார்டெல் 57.1, ஃபீல்ட்ஸ் 54.5, பிரையன்ட் 53.3, ஹர்ட்ஸ் 51.4, ஹாஸ்கின்ஸ் 47.4. அதே ஆண்டின் பருவ வரிசை: ஹர்ட்ஸ் 72.9, ஹாஸ்கின்ஸ் 70.0, மார்டெல் 69.7, ஃபீல்ட்ஸ் 69.2, பிரையன்ட் 66.7, லாரன்ஸ் 65.2, பரோ 57.8, ஜோன்ஸ் 38.5. ஏப்ரலில் கடைசியில் நின்ற இருவர் பருவத்தில் முதல் இருவர். ஏப்ரலில் முதலில் நின்ற மூவர் பருவத்தில் கடைசி மூவர். மேலே இருந்த 3 பேரும் இறங்கினர். கீழே இருந்த 5 பேரும் ஏறினர். ஒருவருக்குச் சராசரியாக 15.7 சதவீதப் புள்ளி மாற்றம். ஆண்டு முழுக்க இவர்களுக்குக் கிடைத்த வீச்சு சமமில்லை. ஜோன்ஸின் 13ஐயும் ஹாஸ்கின்ஸின் 533ஐயும் ஒரே தராசில் வைப்பது முறையில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஜோன்ஸை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது. சிறிய மாதிரியில் உச்சிக்குப் போனவர் பெரிய மாதிரியில் நடுவுக்குத் திரும்புவார் என்பது புள்ளியியலில் பழைய பாடம். அதற்கு இவ்வளவு கச்சிதமான உதாரணம் அடிக்கடி கிடைக்காது.

எண்மரையும் கூட்டினால் இன்னொன்று தெரிகிறது. ஏப்ரலில் மொத்தம் 205 வீச்சு, 119 சேர்ந்தது, 1,363 யார்டு: 58.0 சதவீதம், வீச்சுக்கு 6.6 யார்டு. பருவத்தில் மொத்தம் 1,518 வீச்சு, 993 சேர்ந்தது, 12,951 யார்டு: 65.4 சதவீதம், வீச்சுக்கு 8.5 யார்டு. பயிற்சி ஆட்டத்தில் எண்கள் ஊதிப்பெருகும் என்பது பொதுவான எண்ணம். இந்த நான்கு அணிகளில் நடந்தது அதற்கு நேர்மாறு, 7.4 புள்ளி குறைவு. காரணம் எளிதாகவே இருக்கலாம். அலபாமாவின் குவாட்டர்பேக் ஏப்ரலில் எதிர்கொள்வது அலபாமாவின் தடுப்பாட்டக்காரரை. செப்டம்பரில் வரும் முதல் சில எதிரணிகள் பெரும்பாலும் அவ்வளவு வலுவானவை அல்ல. அதோடு, பார்க்க வருகிறவர்களில் எதிரணியின் ஆள்களும் இருப்பார்கள் என்பதால் பயிற்சியாளர்கள் அன்று தங்கள் சிறந்த உத்திகளைக் காட்டுவதில்லை.

ஆனால் ஏப்ரலின் அந்த ஆட்டங்களில் மதிப்புள்ள தகவல் எதுவுமே இல்லை என்று சொல்ல 9 என்ற எண் தடுக்கிறது. 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் முதல் மூன்று இடங்கள் என்றால் மொத்தம் 9 இடம். 2018: கைலர் மர்ரி, டகோவைலோவா, ஹாஸ்கின்ஸ். 2019: பரோ, ஹர்ட்ஸ், ஃபீல்ட்ஸ். 2020: டிவான்டா ஸ்மித், லாரன்ஸ், ஜோன்ஸ். 2018 வசந்தத்தில் இவர்களில் 4 பேர் அலபாமாவில், 2 பேர் ஒஹாயோவில், ஜார்ஜியா, கிளெம்சன், ஒக்லஹோமாவில் தலா ஒருவர். உயர்நிலைப் பிரிவில் அன்று இருந்த அணிகள் 130. ஓர் அணிக்கு உதவித்தொகை பெறும் வீரர் உச்சவரம்பு 85. ஆக 11,050 இடங்கள். 9 பேரும் 5 அணியின் 425 இடங்களுக்குள்ளிருந்து வந்தார்கள். 3.8 சதவீத அணிகளிலிருந்து 100 சதவீதம். முடிவு தெரிந்த பின் ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன் என்பதால் இந்த எண்ணுக்கு உரிய கனத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் படிக்கவேண்டும். என்றாலும், அன்று மைதானத்தில் யார் எத்தனை யார்டு எடுத்தார் என்பதைவிட, எந்த அணியின் வரிசையில் மூன்றாம் ஆளாக யார் நிற்கிறார் என்பது கூடுதலாகச் சொல்லியிருக்கிறது.

2019இன் மூவரைத் தனியே பார்த்தால் 3க்கு 3 பேரும் அணி மாறியவர்கள். மூவருமே 2018 வசந்தத்தில் இருந்த அணியில் முதன்மை இடம் கிடைக்காதவர்கள். அன்றைய விதிப்படி அணி மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவேண்டும். பட்டம் முடித்தவருக்கு விலக்கு உண்டு. பரோவும் ஹர்ட்ஸும் பட்டதாரிகளாகப் போனார்கள். ஃபீல்ட்ஸுக்குத் தனி அனுமதி கிடைத்தது. ஹர்ட்ஸ் ஒக்லஹோமாவில் 340 வீச்சில் 237ஐச் சேர்த்து 3,851 யார்டு எடுத்ததோடு, ஓடியே 1,298 யார்டும் 20 டச் டவுனும் எடுத்தார்.

ஜோன்ஸின் கணக்கு முடிய இன்னும் காலம் பிடித்தது. 2018 ஏப்ரல் 21இல் விருது வாங்கியவர் தேசிய இறுதி ஆட்டத்தில் முதன்மை குவாட்டர்பேக்காக இறங்கியது 2021 ஜனவரி 11 அன்று. இடைவெளி 996 நாள். அந்த 2020 பருவத்தில் 402 வீச்சு, 311 சேர்ந்தது, 4,500 யார்டு, 41 டச் டவுன், 4 இடைமறிப்பு. குவாட்டர்பேக்கின் திறன் குறியீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: யார்டை 8.4ஆலும், டச் டவுனை 330ஆலும், சேர்ந்த வீச்சை 100ஆலும் பெருக்கிக் கூட்டி, இடைமறிப்பை 200ஆல் பெருக்கிக் கழித்து, மொத்த வீச்சால் வகுக்கவேண்டும். ஜோன்ஸுக்கு 37,800 + 13,530 + 31,100 − 800 = 81,630; அதை 402ஆல் வகுத்தால் 203.1. முந்தைய ஆண்டு பரோ வைத்த 202.0ஐ இது தாண்டியது. பெருந்தொற்றால் 2020இல் அலபாமாவின் வசந்தகால ஆட்டம் ரத்தானது. 15 பயிற்சியில் நடந்தது 0. அன்றைய சாதனை எண் வசந்தகாலமே இல்லாத ஆண்டில் வந்தது. பயிற்சி தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை; அவர் அந்த அணியில் நான்காம் ஆண்டு வீரர்.

குவாட்டர்பேக் அல்லாத ஒருவருக்கு வருவோம். 2023 ஏப்ரல் 22, கொலராடோ. புதிய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸின் முதல் வசந்தகால ஆட்டம், பனி பெய்துகொண்டிருந்தது. மான்டனா லெமோனியஸ்-கிரெய்க் 3 பந்துகளைப் பிடித்து 154 யார்டு எடுத்தார். அவற்றில் ஒன்று மட்டும் 98 யார்டு, கிட்டத்தட்ட 90 மீட்டர், மொத்தத்தில் 63.6 சதவீதம். அதைக் கழித்தால் 2 பந்து, 56 யார்டு. அன்றைய நாயகன் என்று கைதட்டு வாங்கிய அவர், அந்த மாதம் முடிவதற்குள் அணி மாறும் பட்டியலில் பெயர் கொடுத்து, பின்னர் அரிசோனாவுக்குப் போனார்.

அந்த ஆட்டத்தில் பயிற்சியாளரின் மகன் ஷெடூர் சாண்டர்ஸ் 19 வீச்சில் 16ஐச் சேர்த்தார்: 84.2 சதவீதம், 234 யார்டு, வீச்சுக்கு 12.3 யார்டு. பருவத்தில் 430 வீச்சில் 298: 69.3 சதவீதம், வீச்சுக்கு 7.5 யார்டு. வேறுபாட்டை விளக்கும் எண் 52. 11 ஆட்டங்களில் எதிரணி அவரைப் பந்தை வீச விடாமல் 52 முறை மடக்கித் தரையில் சாய்த்தது, ஆட்டத்துக்கு 4.7 முறை. வசந்தகால ஆட்டத்தில் குவாட்டர்பேக் மீது யாரும் விழக்கூடாது; தொட்டால் போதும், ஊதல் அடித்துவிடுவார்கள். அணியின் பெரிய பலவீனம் எதுவோ, அதை அளக்கும் கட்டமே அன்றைய படிவத்தில் இல்லை. கொலராடோ அந்த ஆண்டு 4 வென்று 8 தோற்றது. முந்தைய ஆண்டின் 1 வெற்றி, 11 தோல்வியோடு ஒப்பிட்டால் அதுவும் ஏற்றம்தான்.

வரவுப் பக்கத்துக்கு வந்தால் 47,277. அன்று கொலராடோ மைதானத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர். 50,183 இருக்கையில் 94.2 சதவீதம். முந்தைய ஆண்டு வந்தவர்கள் 1,950; ஆக 24 மடங்கு. சீட்டு 10 டாலர். ஒருவர் விடாமல் பணம் கொடுத்திருந்தாலும் வசூல் 4,72,770 டாலர். பயிற்சியாளருக்கு 5 ஆண்டுக்குப் பேசிய தொகை 2.95 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரி 59 லட்சம் டாலர். பயிற்சி ஆட்டத்தின் வாயில் வசூல் அதில் அதிகபட்சம் ஏறத்தாழ 8 சதவீதம்தான். ஒருநாள் வசூலைவிடப் பருவச் சீட்டு விற்பனைக்கான விளம்பரமாகத்தான் இந்த ஆட்டத்துக்கு மதிப்பு என்று தோன்றுகிறது. அந்த ஆண்டு பருவச் சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

கூட்டத்தின் உச்சம் 1,00,189. 2016இல் ஒஹாயோவின் பயிற்சி ஆட்டத்துக்கு வந்தவர்கள். அன்றைய இருக்கை 1,04,944, நிரம்பியது 95.5 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் அதே மைதானத்தில் மிச்சிகன் ஆட்டத்துக்கு வந்த 1,10,045 பேர் அந்த மைதானத்தின் சாதனை. வெற்றி தோல்வி எழுதப்படாத ஆட்டத்துக்கு, சாதனைக் கூட்டத்தின் 91 சதவீதம் வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தை இழந்தாலும் சரி என்று நெப்ராஸ்கா 2025இல் தன் வசந்தகால ஆட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2023இல் அங்கே வந்தவர்கள் 66,045. 2024இலும் 60,000க்கு மேல். ஆட்டம் தொலைக்காட்சியில் போனால் தன் வீரர்களை மற்ற அணிகள் பார்த்து வலைவீசுகின்றன என்று பயிற்சியாளர் மேட் ரூல் காரணம் சொன்னார். 2018இல் அணி மாற்றத்துக்கு ஓராண்டுக் காத்திருப்பு இருந்தது. 2021இல் முதல் மாற்றத்துக்கு அது நீங்கியது; 2024இல் எத்தனை முறை மாறினாலும் காத்திருப்பு இல்லை என்றானது. 2025-26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். கால்பந்து அணியின் ஆள் வரம்பு 105. இந்த விலைவாசியில் மூன்றாம் நிலை குவாட்டர்பேக் 35 வீச்சில் 289 யார்டு எடுப்பதைப் பல்லாயிரம் பேருக்குக் காட்ட ஒரு பயிற்சியாளர் தயங்குவது புரிகிறது. ஆனால் 2026க்கு விதி இன்னொரு முறை மாறியது. அணி மாறும் காலம் ஜனவரி 2 முதல் 16 வரை, 15 நாள். ஏப்ரலில் இருந்த சாளரம் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சி ஆட்டத்தில் மின்னும் வீரர் இனிப் பொதுவாக அடுத்த ஜனவரி வரை அந்த அணியில்தான் இருப்பார். கதவை மூடச் சொல்லப்பட்ட காரணத்தின் கனம் இதனால் குறைகிறது. மூடிய கதவுகளில் எத்தனை திறக்கும் என்பது வரும் ஏப்ரல்களின் வருகைக் கணக்கில் தெரியும்.